ஆயாக் கொட்டகை

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று லயம், மற்றொன்று ஆயாக் கொட்டகை. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், பச்சிளங்குழவியை அங்கே ஏணையில் கிடத்திவிட்டுப் பால்மரக் காட்டிற்கு விரைவாள். வெயில் ஏறினால் மரத்தில் பால் குன்றும். ஆதலால் மகவின் பசி காத்திருக்க நேர்ந்தது. வயது முதிர்ந்த ஆயாவே அதுவரை தாயானாள்.

வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலியில்லை. அதனாற்றான், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வகுத்த பேறுகால உதவித்தொகை பெரும்பேறாயிற்று. மலேசியத் தனியார் துறையில் 60 நாளாயிருந்த பேறுகால விடுப்பு, 2023 ஜனவரி முதல் 98 நாளாக உயர்ந்தது. கூலி இழவாமல் தாய் தன் சேயின் அருகிருக்கும் நாள்களை எண்ணினால், உழைக்கும் பெண்களின் வரலாறே புலப்படும்.