துபாயில இருந்து போன்!

நேத்து சாயங்காலம் அம்மா திண்ணையில உட்கார்ந்து, துபாயில் வேலை பார்க்கும் பேரனோட அரை மணி நேரம் பேசினாங்க. வாட்ஸ்அப்பில் பேச அங்க தடை, அதனால போட்டிம். பசு கன்னு போட்டதைப் போனைத் திருப்பிக் காட்டினாங்க. பார்த்துக்கிட்டிருந்த எனக்கு 1993 ஞாபகம் வந்தது.

அப்போ துபாயில் இருந்தது அவனோட அப்பா, அதாவது என் தம்பி. காஞ்சிபுரம் பக்கத்துல இருக்கும் எங்க ஊருக்கே ஒரே ஒரு போன். தறிக்காரங்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைக்கும் பெரியவர் ஒருத்தர் வீட்டில் இருந்தது. அதுதான் எங்க எல்லாருக்கும் 'பி.பி. நம்பர்'.

அந்த ஒரு போன் வந்ததே பெரிய கதை. நாட்டின் முதல் எஸ்.டி.டி. 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. மத்த ஊருக்கெல்லாம் ரொம்ப காலம் டிரங்கால்தான். பதிவு பண்ணிட்டுக் காத்துக் கிடக்கணும். 1981-ல் சென்னைக்கும் மலேசியாவின் பினாங்குக்கும் கடலடி கேபிள் போட்டாங்க. கிராமத்துக்கு வழி பண்ணினது 1984-ல் தொடங்கின சி-டாட். ஏ.சி. இல்லாமலே நம்ம வெயிலைத் தாங்கும் சின்ன எக்ஸ்சேஞ்சை உருவாக்கி, 1986-ல் கர்நாடகத்துக் கிட்டூரில் முதல்ல வச்சாங்க. மஞ்சள் போர்டு பூத்துகளும் அந்தக் காலத்துல முளைச்சதுதான்.

தம்பி வெள்ளிக்கிழமை கூப்பிடுவான், அங்க அன்னைக்குத்தான் லீவு. இங்க ஏழரைன்னா அங்க ஆறு மணி. அம்மா ஆறரைக்கே பெரியவர் வீட்டுத் திண்ணைக்குப் போயிடுவாங்க. போனை எடுத்ததும் அழுகை, அப்புறம் "சாப்பிட்டியாப்பா?" அவ்வளவுதான். காசு ஓடுதேன்னு பயம்.

1993 ஐப்பசியில் அப்பா தவறிட்டார். ராத்திரி சைக்கிள் மிதிச்சு மூங்கில் மண்டபம் பக்கம் ஒரு பூத்துக்குப் போனேன். 00971 போட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. சிவப்பு மீட்டர் மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது. லீவு கிடைக்காதுன்னு கடைசியா சொன்னான்.

மறுநாள் நான் கொள்ளிச்சட்டியோட முன்னாடி நடந்தேன். பாடை அந்தப் பெரியவர் வீட்டைத் தாண்டும்போது, அவர் ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிச்சிருந்தார். தம்பிதான் கேட்டிருக்கான்: "ஐயா, பறைச் சத்தமாவது கேக்கட்டும்." தெருக்கோடி திரும்புற வரைக்கும் லைன்ல இருந்தானாம்.

அந்த மாசம் துபாயில இருந்து பணம் வரலை. ஏன்னு வீட்டுல யாரும் கேக்கலை.

2003-ல் செல்போனுக்கு வர்ற காலுக்குக் காசு இல்லைன்னு ஆச்சு. 2013-ல் தந்தியே நின்னு போச்சு. தம்பியும் ஊரோட வந்துட்டான். நேத்து அவன் மகன்கிட்ட அம்மா முதல்ல கேட்டது அதே "சாப்பிட்டியாப்பா?"தான். மீட்டர் இல்லை, அதனால என்ன குழம்புன்னும் கேட்டாங்க.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட முதல் வெளிநாட்டு போன் பத்திக் கேட்டுப் பாருங்க. கதை இருக்கும்.