ஜீவனாம்சம்

ஜீவனம், அம்சம் என்ற இரு வடசொற்களின் கூட்டு. ஜீவனம் என்றால் பிழைப்பு. அம்சம் என்றால் பங்கு. இரங்கிப் போடும் காசல்ல, உரிமைப் பங்கு. பேச்சில் இச்சொல் விவாகரத்தான மனைவியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சட்டத்தில் குழந்தைக்கும் பெற்றோருக்கும் உண்டு. கோர்ட்டில் ‘நூத்தி இருபத்தஞ்சு’ என்றாலே இதுதான்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு.

கோர்ட் உத்தரவிட்ட தொகையைத் தக்க காரணமின்றிக் கட்டாமல் விட்டால், அபராதம் வசூலிப்பதுபோல் வாரண்ட் வரும். அப்புறமும் பாக்கி நின்றால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறை. உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கும் புத்திசாலிகள் உண்டு. தீராது, குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். கேட்பவருக்கும் ஒரு கெடு: தொகை சேரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்டுக்கு மனுப் போட்டாக வேண்டும்.