காசும் கேஷும்

'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் தமிழ்க் 'காசு'விலிருந்து போனது என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். இது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் முழுப்பொய்யாகிவிடும்.

ஆங்கில அகராதியில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு 'கேஷ்' இருக்கின்றன. வங்கிக் கவுண்ட்டரில் ரொக்கம் என்ற பொருளில் வழங்குவது ஒன்று. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சிலிருந்தோ இத்தாலியத்திலிருந்தோ வந்தது. மூலம் லத்தீன் 'காப்ஸா', அதாவது பெட்டி. பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆயிற்று. நன்னூல் படித்தவர் இடவாகுபெயர் என்று சொல்லிவிடுவார்.

மற்றது ஒரு சில்லறை நாணயத்தின் பெயர். நம்முடையது இதுதான். 'காசு' என்று காதில் விழுந்ததைப் போர்த்துக்கீசியர் 'காய்ஷா' என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு ஏற்கெனவே பெட்டி என்று பொருள். ஆங்கிலேயர் இந்த வழியில்தான் அதைப் பெற்றார்கள். இரண்டு சொற்கள் ஒரே உருவம் கொண்டதில் இந்தத் தற்செயலுக்கும் பங்குண்டு.

செஞ்சிச் சீமையில் இச்சொற்கள் ஆட்சியோடு சேர்ந்து வந்தன. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. 1690இல் இங்கிருந்த ராஜாராமின் அரசிடம்தான் ஆங்கிலக் கும்பினி கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. 1698இல் மொகலாயர் வந்தார்கள். 1750இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் இரவில் கோட்டையைப் பிடித்தார்கள். 1761இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பிரெஞ்சுக்காரனுக்குக் கஜானா 'கேஸ்', அதே பெட்டி. சென்னைக் கும்பினியின் கணக்கிலோ 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்.

அதாவது வராகனில் 3360இல் ஒரு பங்கு. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு என்பது பொன். கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச்சபைகள் கடன் வாங்கின. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்தச் சொல்லைத்தான் கும்பினி செப்புக்குப் பெயராக்கியது. 1803இல் இங்கிலாந்தில் அச்சிட்டு அனுப்பிய செப்புக் காசில் 'இருபது கேஷ்' என்று ரோமன் இலக்கத்தில் பொறித்திருக்கிறது. இப்படிச் செப்புக் காசு ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கிற்று. 1980களில் கடலடியிலிருந்து அக்காசுகளை எடுத்தார்கள். 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் நிலைபெற்றதும் கேஷ் கணக்கு முடிந்தது. இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் நடுவில் துளையிட்ட பழைய சீன நாணயத்தைத்தான் குறிக்கிறது.

நம் சொல் கடல் கடந்ததில் பெருமைப்படுகிறவர்கள், அது எந்த மதிப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று பார்ப்பதில்லை. தவிர, சொல்வழியை வைத்துப் பெருமை பேசுவது இருபுறமும் வெட்டும். யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, காசு என்ற சொல்லையே வடமொழிக் 'கர்ஷ'த்தோடு சேர்க்கிறது. அதை மறுக்க வேண்டுமென்றால் ஒலியொற்றுமை போதாது, சான்று வேண்டும் என்போம். அந்தச் சான்றைக் 'கேஷ்' விஷயத்திலும் கேட்பதுதான் நேர்மை.

தமிழுக்குள் காசுக்கு நாணயம் தவிர மணி என்றும் குற்றம் என்றும் பொருளுண்டு. வெண்பாவின் ஈற்றடி முடிகிற வாய்பாடு நான்கில், நாள், மலர், பிறப்பு இவற்றோடு காசும் ஒன்று. இதற்கு லண்டன் அகராதியின் அத்தாட்சி தேவைப்படவில்லை.