ஆத்தாவின் காலும் பீங்கான் குழியும்

அந்தியூர் வட்டாரத்தில் கழிப்பறைப் பீங்கான் கோப்பைகள் பரவுவதற்கு முந்திய காலத்தில், கைக்குழந்தை மலம் கழிப்பதற்கு ஆத்தாவின் கால்களே ஆசனமாக இருந்தன. வாசலோரத்தில் கால்களை நீட்டி அமர்ந்து, பாதங்களுக்கிடையே சிறிது இடைவெளி விட்டு, பேரப்பிள்ளையைத் தன் முகம் பார்த்தவாறு கணுக்கால்மேல் இருத்தி, அவள் 'உஸ்ஸ்' என்று எழுப்பும் ஓசைக்குப் பிள்ளையின் தேகம் தானே இசைந்துவிடும். கீழே விழுந்ததைச் சாம்பல் தூவி வழித்துக் குப்பைமேட்டில் சேர்ப்பதோடு காரியம் முடிந்தது. பழகின முகம் எதிரே இருக்கையில் பயத்துக்கு ஏது இடம்? நடை பழகிய பிள்ளையோ அரைஞாண் கயிற்றோடு தெருவோரத்தில் குந்தியது. (குழந்தையின் மலத்தால் தோஷமில்லை என்ற பழைய எண்ணம் வயிற்றுப்போக்கையும் குடற்புழுவையும் வளர்த்ததையும் சொல்லத்தான் வேண்டும்.)

2014 அக்டோபர் 2-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் ஊர்தோறும் கழிப்பறைகளைப் பெருக்கியபோது, பெரியவர் பாத அளவுக்கு வார்த்த மிதிகளும், நடுவே வாய்திறந்த குழியும், சாத்திய கதவின் இருளும் சிறு பிள்ளைகளுக்குப் பீதியூட்டின. இந்தச் சங்கடத்தை முன்னரே உணர்ந்து, திருச்சிராப்பள்ளியில் 1987-ல் தோன்றிய கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனம், அந்நகரின் குடிசைப் பகுதிகளில் குழந்தைகளுக்கென்றே தனிக் கழிப்பிடங்களை அமைத்தது.

அத்தகைய வசதி இல்லாத வீட்டில், கதவைத் திறந்து வைத்து, ஆத்தா எதிரே குந்திக் கைகளைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பிள்ளை வெளியே வந்த பிறகு ஊற்றினால் போதும் என்பது என் அபிப்பிராயம். அதட்டினால் பிள்ளை அடக்கிக்கொள்ளும், மலச்சிக்கல்தான் மிஞ்சும்.