முகமூடியின் சொந்தக்காரர்

குபெர்டினோவிலிருந்து அனகைம் போய்ச் சேரக் குறைந்தது ஆறு மணித்தியாலம் கார் ஓட்ட வேண்டும். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவுகள் வந்தால் அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவது இங்குள்ள நம்மவருக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது. டிஸ்னிலாந்தைச் சுற்றிக் காட்டி, பிள்ளைகளை மோனோரெயிலில் ஏற்றி, படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறோம். பக்கத்தில் நிற்கும் டிஸ்னிலாந்து ஹொட்டேல், முன்பு பெயரில்தான் டிஸ்னியாக இருந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாக அது வேறொருவரின் சொத்தாக இருந்தது. அவர் ரெக்சஸ் எண்ணெய்க்காரர், படத் தயாரிப்பாளர். பெயர் ஜக் ராதர்.

ராதர் 1918இல் அமரில்லோவில் பிறந்தவர். தகப்பன் எண்ணெய் தேடிக் கிணறு துளைத்தவர். மகனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1930 ஒக்ரோபரில், 'டாட்' ஜோயினர் என்ற எழுபது வயதுக் கிழவர் கிழக்கு ரெக்சஸில் ஒரு விதவையின் நிலத்தில் மூன்றாவது தடவையாகத் துளைத்து எண்ணெய் கண்டார். அங்கே ஒன்றும் இல்லையென்று பெரிய கொம்பனிகளின் நிபுணர்கள் கைவிரித்த நிலம் அது. அவ்வளவுதான், கண்டவர் நின்றவரெல்லாம் கிணறு தோண்டினார்கள். ஒரு டொலரை அண்டியிருந்த பீப்பாய் விலை 1931இல் பத்துப் பதினைந்து சதத்துக்கு விழுந்தது. கடைசியில் ஆளுநர் படையை அனுப்பிக் கிணறுகளை மூடவைத்தார். யார் எவ்வளவு எடுக்கலாம் என்று அரசு அளந்து கொடுத்த பிறகே விலை நிமிர்ந்தது.

இந்தக் கூத்துக்குள் வளர்ந்த பையன் ஒரு பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கிணறு இருந்தால் மட்டும் போதாது. எப்போது, எவ்வளவு வெளியே விடுவது என்ற உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே செல்வம் தங்கும்.

1939இல் ரெக்சஸ் பல்கலைக்கழகத்தை முடித்த ராதர், தகப்பன் நோயில் விழ, எண்ணெய்த் தொழிலைக் கையேற்றார். போர்க்காலத்தில் மரைன் படைக்குப் போய்வந்து, 1946இல் ஹொலிவூட்டில் கடை விரித்தார். முதற் படம் 'த கில்ற்றி' 1947இல் வந்தது. அதில் நடித்த பொனிற்றா கிரன்வில்லை அதே வருடம் மணந்துகொண்டார். கிழக்கு ரெக்சஸ் எண்ணெய்க் காய்ச்சலை வைத்து 1948இல் ஒரு படம், ஹங்கேரியில் சிறைப்பட்ட கார்டினல் மின்ட்சென்ரியைப் பற்றி 1950இல் ஒரு படம் என்று தொடர்ந்தார். எல்லாம் சிறு முதலில் எடுத்த படங்கள். சினிமா வரலாற்றில் அவற்றுக்குப் பெரிய இடமில்லை.

அவர் வென்றது படம் எடுத்து அல்ல, உரிமை வாங்கி. 1954இல் 'லோன் றேஞ்சர்' என்ற முகமூடி வீரனின் முழு உரிமையையும் 30 இலட்சம் டொலருக்கு வாங்கினார். அந்த வீரனின் வானொலிக் கதைகளை வருடக்கணக்காக எழுதிக் குவித்த பிரான் ஸ்றைக்கர், தன் உரிமையை எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். பின்னர் 'லாசி' என்ற நாயின் கதையும் ராதர் கைக்கு வந்தது. கையில் காசில்லாமல் டிஸ்னிலாந்தைக் கட்டிக்கொண்டிருந்த வோல்ட் டிஸ்னி ஹொட்டேல் கட்ட ஆள் தேடியபோது ராதர் முன்வந்தார். 1955 ஒக்ரோபரில் ஹொட்டேல் திறக்கப்பட்டது.

இந்த வாழ்க்கையில் எனக்கு மறக்கமுடியாத இடம் 1979. லோன் றேஞ்சராகத் தொலைக்காட்சியில் நடித்துப் புகழ்பெற்ற கிளேற்றன் மூர் அப்போது அறுபதைத் தாண்டிய மனிதர். ஊரூராகப் போய் அந்த வேடத்தில் பிள்ளைகளைச் சந்திப்பதே அவர் வாழ்வாக இருந்தது. இளம் நடிகர் ஒருவரை வைத்துப் புதுப் படம் எடுக்கத் திட்டமிட்டிருந்த ராதரின் கொம்பனி நீதிமன்றம் போனது. மூர் இனிப் பொது இடங்களில் முகமூடி அணியக்கூடாது என்று கட்டளை வந்தது. கிழவர் முகமூடியைக் கழற்றி, பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சனம் அவர் பக்கம் நின்றது. 1981இல் வந்த புதுப் படம் படுத்துவிட்டது. 1984இல், தான் இறப்பதற்குச் சற்று முன்னர், ராதர் தடையை விலக்கிக்கொண்டார். 1988இல் டிஸ்னி அவருடைய கொம்பனியையே முழுதாக வாங்கியது. வேண்டியிருந்தது அந்த ஹொட்டேல்.

ஒரு துண்டுக் கறுப்புத் துணிக்குக்கூட இந்த நாட்டில் சொந்தக்காரர் உண்டு, சட்டம் உண்டு, வழக்கு உண்டு. இதை வாசித்தபோது எனக்கு கொழும்பு ஞாபகம் வந்தது.

ராதரின் முதற் படம் வந்த அதே 1947இல்தான் முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ'வும் வெளியானது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படமாக்கப்பட்ட இடம் மதுரை. அவருக்குப் பின் வந்தவர் 'சினிமாஸ் லிமிற்றெட்' கே. குணரத்தினம். தொடக்ககாலச் சிங்களப் படங்கள் தென்னிந்தியப் படங்களின் நகல் என்று அந்தத் தயாரிப்பாளர்கள்மேல் சொல்லப்பட்ட குறையில் நியாயம் உண்டு. ஆனால் 1960இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய'வுக்குப் பணம் போட்டவரும் குணரத்தினம்தான். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அரசின் கைக்குப் போயின. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த அவருடைய விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களக் காதலர்கள் சிங்களத்தில் பாடிய படங்களின் சுருள்கள், முதலாளி தமிழன் என்பதற்காக எரிந்தன. அதற்குப் பிறகும் நாட்டைவிட்டுப் போகாதிருந்த மனிதர், ஜே.வி.பி. கிளர்ச்சியின் உச்சத்தில், 1989இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ராதரை நல்லவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. வயதான நடிகரிடமிருந்து முகமூடியைப் பறிக்கவும் அதே சட்டம்தான் அவருக்கு உதவியது. ஆனாலும் மூர் தன் வழக்கைப் பேசினார், சனம் கேட்டது, தடை விலகியது. ஹெந்தளையில் நெருப்பு வைத்தவர்களிடம் எந்த வழக்கைப் பேசுவது?

ராதர் விட்டுப்போன ஹொட்டேல் இன்னும் நிற்கிறது. அடுத்த முறை அங்கே போகும்போது, பிள்ளைகளுக்கு அதைக் காட்டி அந்த எண்ணெய்க்காரரின் கதையைச் சொல்லலாம். திரும்பி வரும் ஆறு மணித்தியாலத்தில் குணரத்தினத்தின் கதையையும் சொல்ல நேரம் இருக்கும்.