மூன்று கருவிகள் ஒன்றான கதை

கிளம்ப மறுக்கும் மோட்டார் சைக்கிளை மெக்கானிக் எப்படிச் சோதிக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கம்பியுடன் எஞ்சின்மீது சாய்த்து வைத்து, கிக்கரை உதைப்பார். நீலப் பொறி தெரிந்தால் மகிழ்ச்சி. தெரியாவிட்டால்? குற்றம் எங்கே என்பதைப் பொறி சொல்லாது.

அந்தப் பொறி பிறக்கும் விதத்தை முதலில் பார்ப்போம். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் கேடிலாக் கார்களுக்காக அமைத்த முறை இது. இக்னிஷன் காயிலில் ஒரே இரும்பு உள்ளகத்தின்மீது இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றில் தடித்த கம்பி சில நூறு சுற்றுகள். மற்றதில் மயிரிழை போன்ற கம்பி பல்லாயிரம் சுற்றுகள். முதற் சுருளில் ஓடும் பாட்டரி மின்னோட்டத்தை 'பாயிண்ட்' திடீரெனத் துண்டிக்கிறது. காந்தப்புலம் சரிகிறது. இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. பாயிண்ட் கருகாமல் காப்பது கண்டென்சர்.

ஆக, பொறி வராததற்குக் காரணம் பல இருக்கலாம். அவற்றைப் பிரித்தறிய ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்க வேண்டும். அன்று அவற்றுக்குத் தனித்தனிக் கருவிகள்!

விடை மோட்டார் உலகிலிருந்து வரவில்லை என்பதே வேடிக்கை. பிரிட்டனில் அப்போது தொலைபேசியை நடத்தியது தபால் துறை. அதன் பொறியாளர் டொனால்ட் மக்காடி, பல அளவிகளைச் சுமந்து திரிந்து சலித்துப்போனார். அவர் வகுத்த 'ஏவோ' மீட்டர் 1923-இல் வெளிவந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயர்.

ஒரே முள் மூன்றையும் எப்படிக் காட்டும்? உண்மையில் அந்த முள்ளுக்கு மின்னோட்டம் ஒன்றுதான் தெரியும். பெரிய மின்தடையைத் தொடராக இணைத்தால் அது வோல்ட்மீட்டர். சிறிய மின்தடையைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் ஆம்மீட்டர். உள்ளே ஒரு பாட்டரி வைத்தால் ஓம்மீட்டர். குமிழைத் திருப்புவது இந்த இணைப்புகளை மாற்றத்தான்.

பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் காயிலின் முதற் சுருளை அளந்தால் ஏறக்குறைய 3 ஓம் காட்டும். இரண்டாம் சுருள் பெரும்பாலும் பல ஆயிரம் ஓம் இருக்கும். முள் அசையவே இல்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது. ஆனால் அளவு சரியாக இருப்பதாலேயே காயிலுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. உயர் அழுத்தத்தில் மட்டும் கசியும் காப்புறை, மீட்டரின் சிறு பாட்டரிக்கு அகப்படாது. இங்கே மெக்கானிக்கின் பொறிச் சோதனைதான் ஜெயிக்கிறது.

முள் மீட்டருக்கு மற்றொரு குணமும் உண்டு: அளக்கும் பொருளிலிருந்தே தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். 1951-இல் வந்த ஏவோ எட்டாம் மாதிரி, நேர்மின்சாரத்தில் வோல்ட்டுக்கு 20,000 ஓம் கொண்டது. 2.5 வோல்ட் அளவில் வைத்தால் 50,000 ஓம். கார் பாட்டரிக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் 1976-இல் போஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் சென்சார் வால்வோ கார்களில் ஏறியபோது நிலைமை மாறியது. புகைக்குழாயில் அமர்ந்திருக்கும் அது தருவது 1 வோல்ட்டுக்கும் குறைவு. போதிய சூடேறாதபோது அதன் உள்மின்தடை மிக அதிகம். முள் மீட்டரை இணைத்தால் அந்தச் சிறு அழுத்தமும் விழுந்துவிடும். நல்ல சென்சார் குப்பைக்குப் போகும்!

கைக்கடக்கமான டிஜிட்டல் மீட்டர்கள் உதவிக்கு வந்தன. 1977-இல் வந்த புளூக் 8020ஏ அவற்றில் ஒன்று. இவ்வகை மீட்டர்களின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஆக்சிஜன் சென்சாரின் சமிக்ஞைக் கம்பியில் ஓம் அளவை வைக்காதீர்கள். மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் அதைக் கெடுக்கக்கூடும்.

ஏவோ எட்டாம் மாதிரியின் உற்பத்தி 2008-இல் நின்றது. காயிலைச் சோதிக்க அது இன்றும் போதும்.