தரகு யார் கணக்கில்?

1995 செப்டம்பர். அமெரிக்காவில் லேபர் டே விடுமுறை. பியர் ஒமிடியார் என்ற 28 வயது ப்ரோக்ராமர் அந்த வார இறுதியில் ஒரு இணையதளத்தை எழுதி முடித்து வெளியிட்டார். பெயர் ஆக்‌ஷன்வெப். யார் வேண்டுமானாலும் தன்னிடம் இருக்கும் பொருளை ஏலத்துக்கு வைக்கலாம், யார் வேண்டுமானாலும் விலை கேட்கலாம், கட்டணம் எதுவும் கிடையாது. அங்கே விற்ற முதல் பொருள் என்று சொல்லப்படுவது ஒரு உடைந்த லேசர் பாயிண்டர். 14.83 டாலருக்குப் போனது.

சில மாதங்களில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இணைய இணைப்பு கொடுத்த நிறுவனம், "இது இனிமேல் சொந்த உபயோகம் இல்லை, மாசம் 250 டாலர் கட்டுங்க" என்றது. 1996 தொடக்கத்தில் ஒமிடியார் கட்டணம் வைத்தார். 25 டாலருக்குக் கீழே விற்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 2.5 சதவீதம். கட்ட வேண்டியவர் விற்பவர். செக்குகளும் சில்லறைக் காசுகளும் தபால் உறைகளில் வந்து குவிந்தன. அந்தத் தளம்தான் பிறகு ஈபே ஆனது.

ஏன் விற்பவர்? வாங்குபவரிடம் ஏன் கேட்கவில்லை? நடைமுறையில் பதில் சுலபம். ஏலம் முடிந்ததும் காசு யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்க முடியும். ஆனால் நியாயம் என்று பார்த்தால் கேள்வி அவ்வளவு சீக்கிரம் தீராது. ஒருவரிடம் பழைய கேமரா இருக்கிறது, முன்பின் தெரியாத இன்னொருவருக்கு அது வேண்டும். நடுவில் இருக்கும் தளமும், பணத்தைக் கைமாற்றும் நிறுவனமும் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொள்கின்றன. "கார்டுல கட்டணும்னு ஆசைப்படறது நீ, அதோட செலவும் உன்னுது" என்கிறார் விற்பவர். "போட்டிருக்கற விலையைக் கொடுக்கத்தான் வந்தேன், அதை எப்படி வாங்கிக்கறதுங்கறது உன் பாடு" என்கிறார் வாங்குபவர். இரண்டுமே நியாயமாகத்தான் ஒலிக்கிறது.

இந்தச் சண்டை இணையத்துக்கு முன்பே ஒருமுறை பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கிருந்து வந்தால் விஷயம் தெளிவாகும்.

*

1975இல் லண்டனில் கிறிஸ்டீஸ், சதபீஸ் என்ற இரண்டு பெரிய ஏல நிறுவனங்களும் ஒரு புதிய வரியை பில்லில் சேர்த்தன. அதுவரை கமிஷன் பிரதானமாக விற்பவரிடமிருந்துதான். இனி வாங்குபவரும் ஏலத்தொகைக்கு மேல் 10 சதவீதம் தர வேண்டும். ஓவியங்களையும் பழம்பொருட்களையும் வாங்கி விற்கும் லண்டன் வியாபாரிகள் கொதித்துப்போனார்கள். இரண்டு நிறுவனங்களும் பேசிவைத்துக்கொண்டு செய்த வேலை இது என்று வழக்குவரை போனார்கள்.

கோபம் புரிகிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பழைய கடிகாரத்துக்கு அதிகபட்சம் 1100 பவுண்டு தரலாம் என்று ஒருவர் மனதில் முடிவு செய்திருக்கிறார். முன்பு அவர் 1100 வரை கை தூக்குவார். இப்போது மேலே 10 சதவீதம் உண்டு என்று தெரியும், அதனால் 1000த்தோடு நிறுத்திக்கொள்வார். ஆயிரமும் நூறும் ஆயிரத்து நூறு. அவர் பையிலிருந்து போவது அதேதான். குறைந்தது, கடிகாரத்தை விற்க வந்தவரின் தொகை. பில் வாங்குபவர் பெயரில் இருக்கிறது, பாரம் விற்பவர் தோளில் இருக்கிறது.

வரியைப் பற்றிப் பொருளாதாரம் வெகுகாலமாகச் சொல்லிவருவதும் இதுதான். வரியை யார் பெயரில் எழுதினாலும், அதன் பாரம் யார் எளிதில் விலகிப்போக முடியாதவரோ அவர்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரரும் தொழிற்சாலையும் ஓரளவு விலகிக்கொள்ள முடியும். லாபம் குறைந்தால் குறைவாகச் செய்வார்கள், அடுத்த சரக்குக்கு விலையை ஏற்றுவார்கள். தனிநபர் விற்பனையில் அந்த 'அடுத்த சரக்கு' கிடையாது. தாத்தாவின் கடிகாரம் ஒன்றுதான். பரணில் கிடக்கும் குழந்தையின் தொட்டில் ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டு, பயன்பட்டு, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை விற்பவர் கிடைத்த விலைக்குத்தான் விற்பார். ஆகவே வாங்குபவர் கட்டணத்தை முன்கூட்டியே அறிந்திருக்கும்வரை, தனிநபர் விற்பனையில் அதன் பெரும்பகுதியைச் சுமப்பவர் விற்பவர்தான். இந்த 'முன்கூட்டியே' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. 90களில் இரண்டு நிறுவனங்களும் நல்ல சேகரிப்புகளைப் பிடிப்பதற்காகப் போட்டி போட்டு, விற்பவரின் கமிஷனைக் குறைத்தன. பெரிய சேகரிப்பாளருக்கு அது பூஜ்யம்வரைகூட போனது. அந்தப் போட்டி கட்டுப்படியாகாமல் ரகசியமாக உடன்பாடு செய்துகொண்டன. 2000இல் அது அம்பலமாகி, வாடிக்கையாளர்களுக்கு 51.2 கோடி டாலர் இழப்பீடு என்று முடிந்தது. சதபீஸின் தலைவராக இருந்த ஆல்ஃப்ரெட் டாப்மன் சிறைக்குப் போனார். குற்றவியல் வழக்கின் மையம் விற்பவர் தரும் கமிஷன். பேரம் பேசத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். ஆகவே கூட்டுச்சதியும் அந்தப் பக்கத்துக்குத்தான் தேவைப்பட்டது.

*

மறுபடி ஈபேவுக்கு வருவோம். அங்கே ஆரம்பத்தில் பொருளை வென்றவர் செக்கோ மணி ஆர்டரோ தபாலில் அனுப்புவார். அது வந்து, செக் பாஸான பிறகு விற்பவர் பார்சலை அனுப்புவார். 1999இல் கன்ஃபினிட்டி என்ற சிறு நிறுவனம், பாம் பைலட் கருவிகளுக்கிடையே பணம் அனுப்பும் மென்பொருள் ஒன்றைச் செய்தது. கூடவே மின்னஞ்சல் வழியாகப் பணம் அனுப்பும் வசதியும் இருந்தது. ஈபே விற்பனையாளர்கள் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவதைத்தான். அதன் பெயர் பேபால். சேர்ந்தால் 10 டாலர், இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் 10 டாலர் என்று காசு கொடுத்து ஆள் சேர்த்தார்கள். 2000 மார்ச்சில் ஈலான் மஸ்க்கின் எக்ஸ்.காமுடன் இணைந்தது.

முதலில் எல்லாம் இலவசம். ஆனால் யாராவது கார்டில் பணம் அனுப்பினால், கார்டு நிறுவனமும் வங்கியும் பேபாலிடம் தங்கள் பங்கை வாங்கிவிடும். இலவசத்தின் ஒவ்வொரு பரிவர்த்தனையும் நஷ்டம். அதே ஆண்டு பேபால் கட்டணத்தை ஆரம்பித்தது, பணம் பெறுபவரிடமிருந்து. அவர் அதை வாங்குபவர்மேல் தனியாகச் சேர்க்கவும் கூடாது என்பது விதி.

இந்த விதி கார்டு உலகத்தின் பழைய சொத்து. 70களில் அமெரிக்காவில், ரொக்கத்துக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை வைக்கலாமா என்று விவாதம் வந்தபோது, கார்டு நிறுவனங்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டன. வித்தியாசம் இருந்தே ஆகவேண்டும் என்றால் அதை 'ரொக்கத் தள்ளுபடி' என்று சொல்லட்டும், 'கார்டுக்குக் கூடுதல்' என்று சொல்லக்கூடாது. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980இல் எழுதிய கட்டுரையிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். தள்ளுபடியை விட்டுக்கொடுப்பது மனிதருக்கு அவ்வளவு வலிக்காது, கூடுதலாகக் கட்டுவது வலிக்கும். நம்மூரில் "சார், கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேர்த்து ஆகும்" என்று கடைக்காரர் சொன்னவுடன் நம் கை பர்ஸில் ரொக்கத்தைத் தேடுகிறது இல்லையா, அதே வலிதான்.

நியூயார்க் மாநிலத்தில் அந்தக் கூடுதலுக்குச் சட்டத் தடையே இருந்தது. ஒரு முடிதிருத்தும் கடை உட்படச் சில வியாபாரிகள் தொடுத்த வழக்கு 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை வந்தது. அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது விலையை அல்ல, வியாபாரி தன் விலையை எப்படிச் சொல்கிறார் என்பதைத்தான், ஆகவே இது பேச்சுரிமை சம்பந்தப்பட்டது என்றது நீதிமன்றம். அதே காசு, அதே வித்தியாசம். அதை எந்தப் பெயரால் அழைப்பது என்பதற்குத்தான் இத்தனை காலச் சண்டை.

2002இல் ஈபே பேபாலை 150 கோடி டாலருக்கு வாங்கியது. இப்போது பழைய கேமராவை விற்பவர் ஒரே நிறுவனத்துக்கு இரண்டுமுறை கட்டினார், விற்றதற்கு ஒன்று, பணத்தைப் பெற்றதற்கு ஒன்று. 2008இல் அமெரிக்காவில் செக், மணி ஆர்டர் என்ற பழைய வழிகளும் மூடப்பட்டன. விற்பவர்கள் சும்மா இருப்பார்களா? பொருளின் விலை ஒரு சென்ட், தபால் செலவு 20 டாலர் என்று போட ஆரம்பித்தார்கள். கமிஷன் பொருளின் விலைக்குத்தானே! 2011இல் ஈபே தபால் செலவையும் சேர்த்தே கமிஷன் கணக்கிடத் தொடங்கியது. நம் டெவலப்பர் மொழியில் சொன்னால், யூசர் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க, கம்பெனி ஒரு பேட்ச் போட்டது.

ஒரு ஓட்டை மட்டும் அடைபடவே இல்லை. பேபாலில் நண்பருக்கோ குடும்பத்துக்கோ பணம் அனுப்ப ஒரு வழி, பொருள் வாங்கப் பணம் அனுப்ப இன்னொரு வழி. முதலாவதில் பெறுபவருக்குக் கட்டணம் இல்லை. எனவே தனிப்பட்ட முறையில் விற்பவர்கள், "ஃப்ரெண்டுன்னு போட்டு அனுப்பிடுங்களேன், ரெண்டு பேருக்கும் மிச்சம்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பலர் நல்லவர்கள், உண்மையாகவே மூன்று சதவீதத்தை மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள். ஆனால் அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. பார்சல் வரவில்லையா, கேமராவுக்குப் பதில் செங்கல் வந்ததா, பேபால் பணத்தைத் திருப்பித் தராது. நண்பருக்குத்தானே அனுப்பினீர்கள்?

இங்கேதான் அந்தக் கட்டணம் எதற்கானது என்று தெரிகிறது. பணத்தை நகர்த்தும் கூலி அதில் ஒரு பகுதி. மிச்சம், அறிமுகமில்லாத இருவர் ஒருவரையொருவர் நம்பாமலேயே வியாபாரம் செய்வதற்கான காப்பீடு. அந்தக் காப்பீட்டில் பெரிதும் பயனடைபவர் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வாங்குபவர்.

*

கடந்த சில வருடங்களில் ஐரோப்பாவில் காற்று திசை மாறியிருக்கிறது. 2008இல் லித்துவேனியாவில் தொடங்கிய விண்டட் என்ற பழைய துணி விற்கும் தளம், ஒருகட்டத்தில் விற்பவருக்குக் கட்டணமே இல்லை என்று வைத்தது. வாங்குபவர் 'பாதுகாப்புக் கட்டணம்' தருகிறார். ஈபேவும் 2023 மார்ச்சில் ஜெர்மனியிலும், 2024 அக்டோபரில் பிரிட்டனிலும் தனிநபர் விற்பனைக்கான கட்டணத்தை எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் வாங்குபவர்மேல் பாதுகாப்புக் கட்டணம் வந்தது. லண்டன் ஏல நிறுவனங்கள் அரை நூற்றாண்டுக்கு முன் பாதி போன வழியில் இவர்கள் முழுதாகப் போயிருக்கிறார்கள். விற்பவருக்கு இலவசம் என்று விளம்பரம் செய்யலாம், கடிகாரக் கணக்கின்படி பாரம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வாங்குபவர் முன்கூட்டியே அறிந்திருந்தால் மட்டும். 2015இல், அப்போது ஈபேவுக்குச் சொந்தமாக இருந்த ஸ்டப்ஹப் ஒரு சோதனை செய்தது. கையிலிருக்கும் டிக்கெட்டுகளை மக்கள் மறுவிற்பனை செய்யும் தளம் அது. சிலருக்குக் கட்டணம் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்டினார்கள். மற்றவர்களுக்குப் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் கட்டணம் தெரிந்தது. கடைசியில் பார்த்தவர்கள் சுமார் 20 சதவீதம் அதிகம் செலவு செய்தார்கள். மனம் அந்த இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது, இனி எழுந்து போக முடியாது. பில்லில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, எந்தப் பக்கத்தில் தெரிகிறது என்பதுதான் பாரத்தை நகர்த்துகிறது. 2025 மே மாதம் முதல் அமெரிக்காவில் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்திருப்பது இதனால்தான்.

*

இந்தியாவில் நாம் மூன்றாவது ஒரு பதிலை முயன்றுபார்த்தோம்: இருவரும் கட்ட வேண்டாம். ஈபே 2004இல் பாஸி.காமை வாங்கி இங்கே வந்தது. வாங்குபவரின் பணத்தை இடையில் நின்று கையாளும் பைசாபே என்ற ஏற்பாடும் வைத்திருந்தது. 2018இல் கடையைக் கட்டியது. அதற்குள் யுபிஐ வந்துவிட்டது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. தனிநபர்கள் பணம் அனுப்பிக்கொள்வதும் இலவசம். செலவு இல்லாமலா இருக்கிறது? சிறு வியாபாரிகளின் சிறு தொகைப் பரிவர்த்தனைகளுக்கு ஊக்கத்தொகையாக 2024-25க்கு மட்டும் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 1500 கோடி ரூபாய். வாழ்க்கையில் க்யூஆர் கோடே ஸ்கேன் செய்யாதவரின் வரிப்பணமும் அதில் உண்டு.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சாலைக்குப் பொதுப்பணம் போடுகிறோம், இதுவும் ஒரு சாலை. ஆனால் சாலையில் காப்பீடு சேர்த்து வராது. செகண்ட் ஹேண்ட் சோபா விற்கப்போனவரிடம் "நான் ஆர்மியில இருக்கேன், இந்த கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று சொல்லி, பின் நம்பரைப் போடவைத்து, அவர் கணக்கையே காலி செய்த மோசடி எத்தனை ஊரில் நடந்தது! பணத்தைப் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை என்பது தெரியாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அங்கே யாரும் கமிஷன் வாங்கவில்லை. எனவே நடுவில் நின்று பதில் சொல்லவும் யாரும் இல்லை.

யார் கட்ட வேண்டும் என்று என்னைக் கேட்டால், பாதுகாப்பு யாருக்கோ அவர் பெயரில், அதாவது வாங்குபவர் பெயரில், தனி வரியாக, முதல் பக்கத்திலேயே எழுதுங்கள் என்பேன். சைக்கிள் 10,000 ரூபாய், பாதுகாப்பு 400, ஆக 10,400 என்று தெரிந்தால், வாங்குபவர் 9,600க்குப் பேரம் பேசுவார். விற்பவருக்கும் எது எங்கே போகிறது என்று புரியும். இருவரும் ஒரே தெருவில் இருந்தால், நேரில் போய் பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, அந்த 400ஐ வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பார்சலில் வருவதாக இருந்தால், "ஃப்ரெண்டுன்னு போட்டு அனுப்புங்க" என்று கேட்பவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், அந்த 400ஐக் கொடுத்துவிடுவதுதான் சரி.